நாற்பது நிமிட வெளிச்சம்

மார்ச் 4, புதன்

என் கைப்பையை நகர்த்தி வைக்கப் போன மகள், "என்னம்மா, உள்ள கல்லையா கட்டி வெச்சிருக்க?" என்றாள். கல்தான். ஓரம் உடைந்து கழித்துப் போட்ட துண்டு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பதினோரு வருடமாக இந்தக் கல்லைத் தேய்த்து மெருகேற்றுகிறேன், வீட்டில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

சமையலறைத் தராசில் வைத்தோம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, நூற்று எண்பத்தைந்து கிராம் காட்டியது. அதே அளவு கண்ணாடி அறுபத்தைந்தைத் தாண்டாது. வைரமே ஆனாலும் இதில் பாதிதான் கனக்கும் என்றேன். "நம்ம வீட்டுல வைரம் இருந்தாதானே நிறுத்துப் பாக்க" என்றாள். இவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

பெயரைச் சொன்னேன்: காடோலினியம் காலியம் கார்னெட். வாயில் நுழையவில்லை என்றாள். கோமேதகத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள் என்றேன்.

"எந்த மலையில எடுக்கறாங்க?"

"எந்த மலையிலயும் கிடையாது. மாடியில இருக்காரே உன் சித்தப்பா, அவர்தான் வளர்க்கிறார்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தப்பா என் கம்பெனியில் ஏதோ அடுப்பு பார்க்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். அதுவும் பொய்யில்லை. ஆயிரத்து எழுநூறு டிகிரிக்கு மேல் எரியும் அடுப்பு. உருகிய குழம்பின் மேல் விரல் நீளத்தில் ஒரு விதைக் கல்லைத் தொட வைத்து, சுழற்றிக்கொண்டே மணிக்கு நான்கு மில்லிமீட்டர் வீதம் மேலே இழுப்பான். சூடேற, வளர, ஆற என்று மொத்தம் ஐந்து நாள். கடைசியில் தண்ணீர் நிறத்தில் ஓர் உருளை தொங்கும். அந்த ஐந்து நாளும் என் கொழுந்தனிடம் யாரும் வீட்டு விஷயம் பேசக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

முதலாளி எல்லார் முன்னாலும் பாராட்டினார். எல்லார் என்றால் பதினான்கு பேர். போன நவம்பரில் நான் சொன்ன யோசனையால் மெருகுப் பகுதியில் வேலை இரண்டு மடங்கு வேகமாகிவிட்டதாம்.

யோசனை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் மெருகு போட, கல்லில் அறுத்த பிரிசத்தை, அதாவது முப்பட்டைத் துண்டை, பித்தளைத் தட்டில் மெழுகு வைத்து ஒட்டுவோம். தட்டைச் சூடாக்கி, மெழுகை உருக்கி, ஆறவிட்டு, பிறகு கோணலாக ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் சூடாக்கி… ஒரு நாள் பசை விற்பவர் வந்தார். புற ஊதா விளக்கு காட்டினால் இறுகிவிடும் பசை. "எல்லா எடத்துலயும் இப்ப இதுக்கு மாறிட்டாங்க மேடம்" என்றார். தட்டு உலோகம், அதனால் வெளிச்சம் கீழேயிருந்து போகாது. ஆனால் கல்தான் பளிங்கு மாதிரித் தெளிவாயிற்றே! கல் வழியாகவே மேலிருந்து காட்டலாமே என்று நான்தான் சொன்னேன். நாற்பது நிமிடம். பிறகு திருப்பி ஒட்டி அடுத்த பக்கத்துக்கு இன்னொரு நாற்பது. கோணலே இல்லை.

இரண்டு கைக்குள் அடங்காத பெரிய பிரிசம் மட்டும் விளக்குக்கு அடியில் நுழையாது. அதற்கு இன்னும் மெழுகுதான்.

பாராட்டின்போது கொழுந்தனும் கை தட்டினான். ஒரு விரலால் இன்னொரு விரலை.

மார்ச் 11

தலைவலி. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

கருவி செய்யும் கம்பெனியிலிருந்து பெட்டி திரும்பி வந்துவிட்டது. நாற்பது பிரிசம். உள்ளே ஒரு வரிக் கடிதம்: கல் பழுப்பாக இருக்கிறது, ஏற்க முடியாது.

வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஆறிப்போன வெறும் தேநீரை நீர்விட்டுக் கலந்தால் வருமே, அந்த நிறம். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் பழைய பிரிசத்தை வைத்தால் உடனே தெரிகிறது. அனுப்பும்போது நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? எல்லாம் சேர்ந்தே நிறம் மாறியிருந்ததால் ஒப்பிட ஒன்றும் இல்லை.

முதலாளி கூப்பிட்டார். "உங்க பக்கமா, உலைப் பக்கமா?"

நான் யோசிக்கவே இல்லை. "சார், மெருகு மேல்தோல்லதான் படும். நிறம் உள்ள இருக்கு. உள்ள இருக்கறதுக்கெல்லாம் வளர்த்தவர்தான் பதில் சொல்லணும்."

எழுதித் தரச் சொன்னார். படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில், வளர்ப்பின்போது கலந்த மாசு, என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கொழுந்தன் என்பதற்காக மூடி மறைக்க முடியுமா? வேலை வேறு, உறவு வேறு.

ஆனாலும் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டபோது சமையலறைக்குள் போய்விட்டேன்.

மார்ச் 18

அவனே வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். கதவோரமாக நின்று, "உருக்கற பொடியை மாத்தின இடத்துலதான் ஏதோ ஆயிருக்கும் அண்ணி. ஜனவரியில புது மூட்டை வந்துச்சு. நான்தான் சரியா பாக்கல" என்றான்.

இந்த வீட்டுக்கு நான் வந்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தவன். தப்பு செய்தால் தானே வந்து சொல்லிவிடும் பழக்கம் அப்போதிலிருந்தே உண்டு. செய்யாத தப்பையும் சொல்வான் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. "பரவால்ல தம்பி, அடுத்த தடவை சுத்தமா பண்ணிடு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

(மேலே ‘செய்யாத தப்பையும்’ என்று ஆரம்பிக்கும் வரிகள் ஏப்ரலில் சேர்த்தவை. அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை, இருக்கட்டும்.)

மார்ச் 24, செவ்வாய்

புதுப் பொடி, கழுவிய கிண்ணம், புது உருளை. கொழுந்தன் மூன்று நாளாக வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மட்டும் போகிறான். ஓரகத்தி, அதாவது அவன் மனைவி, சாப்பாட்டைக் கட்டி என்னிடம்தான் கொடுத்தனுப்புகிறாள்.

டப்பாவைக் கொடுக்கப் போன என்னிடம், "பாக்கறீங்களா அண்ணி?" என்று கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தான். பார்வைத் துளை வழியாகப் பார்த்தேன். வெள்ளை வெளிச்சக் குளம், நடுவில் மெல்லச் சுற்றும் ஒரு நிழல். சுற்றுவது தெரிகிறது, வளர்வது தெரியவில்லை. பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் நின்றிருப்பேன். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்து, ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

எதற்கு இந்தக் கல் என்று கேட்டேன். பிரிசம் தெரியும், சீவலாக அறுத்து அனுப்புகிறோமே, அது எதற்கு? அவன் முகமே மாறிவிட்டது. ஒளியில் செய்தி போகும் கம்பிகளில் ஒளி ஒரே பக்கம்தான் போக வேண்டும், திரும்பி வந்தால் அனுப்புகிற விளக்கே கெட்டுவிடுமாம். அதைத் தடுக்க ஒரு காந்தப் படலம் வேண்டும். அந்தப் படலம் கண்ட இடத்தில் வளராது. இந்தக் கல்லின் அணு இடைவெளியும் அதன் இடைவெளியும் படிக்குப் படி பொருந்துவதால் இதன்மேல் மட்டும் ஒழுங்காக வளருமாம். "நாம விதை வெச்சு கல்லு வளர்க்கிறோம், அவங்க நம்ம கல்லையே விதையா வெச்சு இன்னொண்ணு வளர்க்கிறாங்க" என்றான். கையிலிருந்த டப்பாவை அவன் வாங்கவே இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

உருளை வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாரும் தொட்டுப் பார்த்தோம். அறுத்து, ஒட்டி, தேய்த்து, கழற்றி, கழுவி வெள்ளைத் தாளில் வைத்தால் — பழுப்பு.

கொழுந்தன் கல்லை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். முதலாளிதான் பேசினார். நல்ல மனிதர், கத்தவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. "உலையை நிறுத்திடலாம்னு இருக்கேன். வெளியில உருளையாவே கிடைக்குது. மாதிரித் துண்டு அனுப்பச் சொல்லிட்டேன். நாம அறுத்து மெருகு போட்டா போதும்." கொழுந்தனைப் பார்த்து, "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்றார்.

என் வேலை பத்திரம். அதை நினைத்து ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. எழுதி வைக்கிறேன், எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஏப்ரல் 3

ஓரகத்தி அழுத கண்ணோடு இறங்கிப் போனாள். வேறு ஊர்க் கம்பெனி ஒன்று கொழுந்தனைக் கூப்பிடுகிறதாம். அவளுக்கு இங்கே மழலையர் பள்ளியில் வேலை, போக விருப்பமில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

கடைசி உருளையிலிருந்து ஒரு பெரிய பிரிசமும் அறுத்தோம், ஆறு சின்னதும் அறுத்தோம். சின்னது ஆறும் பழுப்பு. பெரியது தெளிவு! ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மாசு இருந்தால் பெரியதில் அல்லவா அதிகம் தெரிய வேண்டும்? தடிமன் கூட ஆயிற்றே?

இன்னொன்று. சின்னதில் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தால், நடுவே ஒரு வெளிறிய பட்டை. கத்தரித்து வைத்த மாதிரி நேராக இருக்கிறது. உலைக்குள் எதுவும் இத்தனை நேராக வளராது என்று எனக்கே தெரியும்.

மதியம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். பேருந்து ஓட்டி ஓட்டி ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் ஒரு சுற்று கறுத்திருக்கும். கை கழுவக் கடிகாரத்தைக் கழற்றினார். கீழே வெளுத்த பட்டை. இருபது வருடமாகத் தினமும் பார்க்கும் கை. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பசை இறுகும்வரை பிரிசம் நழுவாமல் இருக்க மேலே குறுக்காக ஒரு காகித நாடா ஒட்டுவோம். விளக்கு மேலிருந்து. நாடாவுக்குக் கீழே வெளிச்சம் படாது. பெரிய பிரிசத்துக்கு விளக்கே கிடையாது, மெழுகுதான்.

ஐயோ.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார். ஒன்றுமில்லை, கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சோதித்துப் பார்க்க நேற்று நேரம் வாய்க்கவில்லை, இன்று செய்தேன். வெளிக் கம்பெனி அனுப்பிய மாதிரித் துண்டு காலையில்தான் வந்தது. நம் உலையைப் பார்த்தே இராத கல். பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, பாதியைத் திறந்து வைத்து, விளக்கின் கீழ் நாற்பது நிமிடம். திருப்பிப் போட்டு இன்னொரு நாற்பது.

தாளை உரித்தேன். ஒரு பாதி தண்ணீர், ஒரு பாதி தேநீர். இடையில் கோடு.

கைதட்ட வேண்டும்போல் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு கல், வெளிச்சம் பட்டதும் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது! அதன் ஊடாக எல்லா வெளிச்சமும் போய்விடுவதாகத் தோன்றுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்கே வைத்துக்கொள்கிறது? மேலேயா, உள்ளேயா?

பிறகுதான் மற்றது உறைத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நான்தான். நவம்பரிலிருந்து எத்தனை கல்! அந்தப் படிவம், அந்தக் கட்டம், என் கையெழுத்து.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உலைப் பகுதி முப்பது அடி தூரம். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

சொல்லவில்லை. ஒரே ஒரு சோதனை பாக்கி, பழுப்பு சூட்டில் போகுமா என்று பார்த்துவிட்டால் பிரச்சனையோடு தீர்வையும் சேர்த்துச் சொல்லலாமே என்று எனக்கு நானே சமாதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொன்னால் என் தப்பு கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அதுதான் விஷயம்.

சின்ன மின்சூளை கொழுந்தன் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பழுப்புப் பிரிசத்தைக் கொண்டுபோய் நானூறு டிகிரி போடச் சொன்னேன்.

"எதுக்கு அண்ணி?"

"சும்மாதான். ஒட்டியிருக்கற பசை எரிஞ்சு போகுதான்னு பாக்கறதுக்கு."

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்! அவன் அதற்குமேல் கேட்கவில்லை. "சட்டுனு ஏத்தினா கல்லு விரிசல் விட்டுடும், நானே மெதுவா ஏத்தி இறக்கறேன். காலையில எடுத்துக்கோங்க" என்று சூளைக்குள் கல்லைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தான். வேலை போகப் போகிறவன், என் பொய்க்கு நேரம் குறித்துக் கொடுத்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

போய்விட்டது. சுத்தமாக. தண்ணீர் நிறம். திரும்பி வந்த நாற்பதையும் மீட்டுவிடலாம்.

இனி சொல்லாமல் இருக்கக் காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று போனேன், அவன் சீக்கிரமே கிளம்பிவிட்டானாம். மாடி ஏறிச் சொல்லலாமே? படி என்ன இமயமலையா? நாளைக்கு, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையில் எல்லாரும் வருவதற்கு முன், உலைப் பக்கத்து மேசையில் மூன்று துண்டையும் வரிசையாக வைத்தேன். கோடு விழுந்த மாதிரித் துண்டு, நாடாப் பட்டை பிரிசம், சூளையில் தெளிந்தது.

"தம்பி, பழுப்பு உன்னால இல்ல. என் விளக்கால."

முதலில் அவன் கல்லைத்தான் பார்த்தான். கோட்டை விரலால் தடவினான். நாடா ஒட்டும் அகலத்தை அளவுகோலால் அளந்தான். முகத்தில் கோபமே இல்லை, ஒரு கணக்கு கூடி வருகிற மலர்ச்சிதான். "அடேங்கப்பா… கல்லுக்குள்ள வழியா காட்டினீங்களா? அதான்! அதான்!" என்றான். இரண்டு பேரும் குனிந்து நின்று பேசிக்கொண்டே போனோம். ஒரு ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் நிமிர்ந்தான். "எப்போ தெரியும் அண்ணி?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"சூளையில போடச் சொன்னீங்களே… அது இதுக்குத்தானா?"

"ஆமாடா."

"நேத்து சாயங்காலம் போய் அந்த வெளியூர்க் கம்பெனிக்குக் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு." சூளைக் கதவு திறந்து கிடந்தது, அதைச் சாத்தினான். "பொடியில என்ன தப்புன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன். புதன்கிழமைகூட."

வெளியே போய்விட்டான்.

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். என் படிவத்தை வாங்கி, காரணத்தைக் கோடு போட்டு அடித்து, மெருகுப் பகுதியில் என் யோசனைப்படி வைத்த புற ஊதா விளக்கு, என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "நானும்தானே கை தட்டினேன். மெழுகுக்கே போங்க" என்றார். கொழுந்தனை இருக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம். கொடுத்த வார்த்தையை மாற்ற மாட்டேன் என்றுவிட்டானாம்.

ஏப்ரல் 12

ஓரகத்தி வந்தாள். உட்காரவில்லை. "தப்பு பண்ணதுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. தெரியாம நடந்தது. தெரிஞ்சப்புறம் மூணு நாள் என்ன பண்ணீங்க?"

வீட்டுக்காரர்கூட, "ஏண்டி, எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார். அதுவும் தோன்றவில்லை. குட்டு வெளிப்படுவதை ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள் நல்லவளாக இருக்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

நாற்பது பிரிசமும் தெளிந்து கருவிக் கம்பெனிக்குப் போயின. சூளையைக் கொழுந்தன்தான் ஓட்டினான். தட்டை என் கையிலிருந்து வாங்குவான், திருப்பித் தருவான், பேச மாட்டான்.

மே 3, ஞாயிறு

லாரி வந்தது. மகள் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொழுந்தன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டான், அண்ணன் மகளிடம் சொல்லிக்கொண்டான். நான் வாசலில்தான் நின்றேன். லாரி ஓட்டுநரிடம்கூட, வரேண்ணே, என்று சொன்னவன் என்னிடம் சொல்லவில்லை.

மாடியில் நடக்கும் சத்தம் இல்லாமல் வீடு என்னவோபோல் இருக்கிறது. நன்றாக வேண்டும் எனக்கு.

மே 21

உலை ஆறிக் கிடக்கிறது. வெளி உருளைகள் வருகின்றன. ஆள் தேடுகிறார் முதலாளி, உலை பார்க்கத் தெரிந்தவர் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை.

ஜூன் 6, சனி

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், கல்லைப் பற்றிய கேள்வி விடுவதாக இல்லை. முதலாளி அனுமதியோடு உடைந்த துண்டுகளில் சோதனை. இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை போட்டிருக்கிறேன். விளக்கில் ஐந்து நிமிடம்: ஒன்றும் தெரியவில்லை. பத்து: ஒப்பிட்டால் தெரிகிறது. இருபது: கூர்ந்து பார்த்தால் போதும். நாற்பது: யாருக்கும் தெரியும். எண்பதுக்கும் நூற்றிருபதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஓரளவுக்கு மேல் குடிக்க மறுக்கிறது. ஏன்?

வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த முதல் துண்டையே இரண்டாக்கி, ஒன்றை மொட்டை மாடி வெயிலிலும் ஒன்றை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமும் வைத்தேன். வெயிலில் வைத்தது பழுப்பேறுகிறது. கண்ணாடிக்கு உள்ளே வைத்தது இன்னும் அப்படியே. சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை, இத்தனை கனமான கல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. மகள் தினமும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து நிறம் சொல்கிறாள். "இன்னிக்கு அப்பா கை மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

ஜூன் 13

இருட்டில் வைத்தால் தானாகப் போகுமா? ஒரு வாரம் அலமாரிக்குள். போகவில்லை. முந்நூறு டிகிரி போதும் என்று தெரிந்தது, நானூறு வேண்டாம். இதையெல்லாம் சொல்லத் தகுந்த ஒரே ஆள் என்னிடம் பேசுவதில்லை.

ஜூன் 28, ஞாயிறு

சாயங்காலம் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கொழுந்தன் பெயர். அண்ணனுக்குத்தான் என்று அவரிடம் நீட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "உங்கிட்டதான் பேசணுமாம்" என்று திருப்பித் தந்தார்.

எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, எதுவும் இல்லை. "அண்ணி, இருபது நிமிஷத்துல எவ்வளவு நிறம் வரும்?"

நோட்டை எடுத்துவரச் சொல்லி மகளை விரட்டினேன். அட்டவணையை வாசித்தேன். ஒரு பக்கமா இரண்டு பக்கமா, விளக்கு எவ்வளவு உயரம், கல் எவ்வளவு தடிமன் என்று கேட்டுக்கொண்டே போனான். சூட்டைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அங்கயும் பசையா?" என்றேன்.

"பசைதான். அதே விளக்கு. நேத்துதான் மெருகுப் பக்கம் போய்ப் பாத்தேன். கல்லெல்லாம் ஒரு வருஷமா லேசா பழுப்பாவே வருதாம்."

"உன்மேல சொல்றாங்களா?"

"என்மேல இல்ல. நான் வந்து எட்டு வாரம்தானே ஆச்சு." பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார். பதினெட்டு வருஷம் உலை பாத்தவர். மாசு கலந்துட்டார்னு அனுப்பிட்டாங்க. அதனாலதான் அண்ணி இந்த இடம் காலியாச்சு. அதனாலதான் என்னைக் கூப்பிட்டாங்க."

வீட்டுக்காரர் என்ன என்ன என்று கையால் கேட்டார்.

கம்பெனிக்காரர்களிடம் நாளைக் காலையில் சொல்லப் போவதாகச் சொன்னான். அட்டவணை வேண்டும் என்றான், படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். பிறகு, "அந்தப் பெரியவர் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவர் உலையில இப்ப நான்தானே நிக்கறேன்" என்றான்.

"நம்பரைச் சொல்லு" என்றேன்.

"நாளைக்குக்கூட பேசலாம், ஒண்ணும் அவசரம்…" என்று ஆரம்பித்தவன் அவனே நிறுத்திக்கொண்டான். எண்ணைச் சொன்னான். அட்டவணைக்குக் கீழேயே குறித்துக்கொண்டேன்.

சாப்பாடு ஆறுகிறது என்று மகள் சொன்னாள். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு நின்றபடியே எண்களை அழுத்தினேன். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். நீங்கள் உலை பார்த்தவர்தானே என்று கேட்டு, நான் யார், என்ன வேலை, என் விளக்கு என்ன செய்தது என்று முதலிலிருந்து சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவராக வைக்கும்வரை நான் வைக்கவில்லை.